பின்வரிசைக்குக் கேட்கவில்லை

முதலில் ஜன்னல்களைச் சாத்தினோம்.
பூர்க்டோர்ஃபில், டயர்க் கடைக்கு மேலே எங்கள் சபை.
ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்வீட்டுச் சுவிஸ் கிழவருக்கு
ஒரு கைத்தட்டலும் போய்விடக்கூடாது.
நகரசபையிலிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது.
ஆகவே சாத்தினோம்.
பிறகு பாஸ்டர் தவநேசன் ஒரு தாளை விரித்தார்.

நான் மிக்ஸரில் இருந்தேன்.
கிழமை நாட்களில் பிஸ்கட் தொழிற்சாலை, இரவு வேலை.
ஞாயிறுகளில் ஏற்றி இறக்கும் பதினாறு குமிழ்கள், ஒரு ஹெட்போன்.
குமிழ்களுக்குக் கீழே வெள்ளை டேப்பில் என் கையெழுத்து:
பாஸ்டர். கீபோர்ட். சுகி.

சுகிர்தா. மூன்றாம் சானல்.
மேலே போகும்போது மூச்சு முதலில் வரும்,
பாட்டு பின்னால் வரும்.
அதற்காகவே ஒரு புள்ளி குறைத்து வைத்திருப்பேன்.

தாளில் இருந்தது:
கணவனை விட்டுப் போனது,
பெண்கள் காப்பகத்தில் பதினொரு இரவு,
திருவிருந்து ஆறு மாதத்துக்கு இல்லை,
பாடகர் குழுவில் இனி இடமில்லை.

அந்தக் காப்பகத்தின் விலாசத்தை
இந்த நாட்டுப் பொலிசே வெளியில் சொல்லாது.
அவள் சொன்னது ஒரே ஒருவரிடம்,
பாஸ்டர் அம்மாவிடம், சபைக் குசினியில்,
தேநீர்க் கோப்பைகள் கழுவும்போது,
குழாயைக் கொஞ்சம் கூடத் திறந்துவிட்டு.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.
"கேக்கேல்லை."
இன்னொரு கை.
நான் யோசிக்கவில்லை. அதுதானே என் வேலை.
முதலாம் சானலை ஏற்றினேன்.

பதினொரு இரவும்
எழுத்து எழுத்தாகப் போய்ச் சேர்ந்தது.
அவளுடைய மகன், ஆறு வயது,
நோவாவின் பேழைக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தவன்
நிமிர்ந்து பார்த்தான்,
அம்மாவின் பெயர் மைக்கில் வந்த சந்தோஷத்தில்.

தப்புச் செய்தவனிடம் முதலில் தனியாகப் போ,
பிறகு இருவரோடு போ,
அதன் பிறகுதான் சபை.
பைபிள் வகுப்பில் இந்தப் படிகளை
எங்களுக்குப் படம் போட்டுக் காட்டியவரும் பாஸ்டர்தான்.
அந்தப் படத்தை ஸ்கேன் செய்தது நான்.

ஆராதனை முடிந்து ஜன்னலைத் திறந்தேன்.
எதிர்வீட்டுக் கிழவர் பால்கனியிலிருந்து
பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.
இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லையாம்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஈஸ்டர்.
பாஸ்டர் சட்டையில் குத்தியிருந்த மைக்கை
அணைக்க மறந்து பக்கத்து அறைக்குப் போனார்.
கதவு சாத்துகிற சத்தம். அப்புறம் ஒரு குரல்,
பிரசங்கத்தில் நான் ஒருநாளும் கேட்டிராத குரல்.
இரண்டு செக்கன். கீழே இழுத்துவிட்டேன்.
சபைக்கு ஏதோ இரைச்சல் மட்டும் போனது.
ஹெட்போனைக் கழற்ற மட்டும்
கொஞ்சம் நேரம் எடுத்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.
கேட்டதை என் மனைவிக்குச் சொல்லவில்லை.
இங்கேயும் எழுதமாட்டேன்.

இரண்டு செக்கன் போதும் என்று
இந்தப் பெருவிரலுக்குத் தெரிந்துதான் இருந்தது.

போன புதன்கிழமை ஸ்டேஷனில் சுகிர்தா.
மகனின் கையுறை ஒன்று தொலைந்து
தன்னுடையதைக் கழற்றி அவனுக்கு மாட்டிக்கொண்டிருந்தாள்.
விலகிப் போகலாம் என்று பார்த்தேன். மேடை சின்னது.

"அண்ணை, கடைசி வரிசைக்கும்
வடிவாக் கேட்டதோ?"

கோபமாக இல்லை.
பாடுவதற்கு முன் மைக்கைத் தட்டிப் பார்த்துக்
கேட்பாளே, அப்படி.

ஓம், என்றேன்.

லாங்னோ ரயில் வந்தது.
பையன் எனக்குக் கை காட்டினான்,
விரல்கள் எட்டாத பெரிய கையுறையால்.